கழுத்தோடு நிறுத்திய பொம்மைகள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்னைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தாள். கல்யாணப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வயதெல்லாம் தாண்டி எவ்வளவோ காலம். கழுத்து வலி. இடது தோளில் தொடங்கி விரல் நுனிவரை ஓடுகிற வலி. தைலம் தடவிப் பார்த்து, மகள் மேல் எரிந்து விழுந்து பார்த்து, ஒன்றுக்கும் அடங்காததால் கண்டி டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பயிற்சி சொல்லிக்கொடுத்து வலியைப் போக்குகிற வேலை அந்தப் பிள்ளைக்கு. என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னை நிறுத்தி, தன் ஃபோனால் அந்தப் பக்கவாட்டுப் படத்தை எடுத்து என்னிடம் காட்டினாள்.

"அன்ரி, உங்கட கழுத்து நல்லா முன்னுக்கு வந்திட்டுது. கனநேரம் ஃபோன் பாக்கிறனீங்களோ?"

"மகதான் பாப்பா. அவ பாக்கிறத நான் பாத்துக்கிட்டிருப்பேன்" என்றேன்.

சிரித்துவிட்டு, "முந்தி தலையில பாரம் ஏதும் தூக்கினனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

அது உண்மை. தேயிலைக் கொழுந்துக் கூடையை ஒரு நாள்கூட நான் தூக்கியதில்லை. தூக்கிவிடக் கூடாது என்றுதான் பத்து வயதில் என்னை ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறக்கி, டவுனில் இருந்த மாமா வீட்டில் விட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் ஃபோனில் இருந்தது நானில்லை, என் அம்மா. கூடையை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு முப்பத்தைந்து வருசம் மலை ஏறி இறங்கிய அம்மாவின் கழுத்து. தோளிலிருந்து மேலே போகாமல் முன்னால் போகிற கழுத்து. பிடரிக்குக் கீழே சின்னதாய் ஒரு முண்டு.

ஒரு துவாயை மடித்துப் பின்னந்தலையில் போட்டு, இரண்டு கையாலும் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையால் பின்னுக்குத் தள்ள வேண்டுமாம். காலையில் பத்து, மாலையில் பத்து. "ஆறு கிழமையில நிமிர்ந்திடும் அன்ரி" என்றாள். ஆறு வாரத்தில் நிமிர்ந்துவிடும் என்று கேட்டதும் எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கழுத்தில் தடவிவிட்ட மருந்துக்கு டர்பன்டைன் மணம். டர்பன்டைன் எங்கே மணத்தாலும் எனக்கு ஒரே ஒரு அறைதான் ஞாபகத்துக்கு வரும். கண்டி டவுனில், கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடை, அதன் மேல்மாடியில் பின்பக்கத்து சாமான் அறை. அந்தக் கடையில் எனக்குப் பத்தொன்பது வயதில் சாரிப் பகுதியில் வேலை கிடைத்தது. ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன், விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி. அதைச் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போதும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். எந்தச் சாரியையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் பேச மாட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று, "மகள் எவடம்?" என்று கேட்டார். "பேராதனை வீதி" என்றேன். அது மாமா வீட்டு விலாசம், பொய்யில்லை. "உம்மா என்ன செய்றா?" என்றார். "வீட்டில இருக்காங்க" என்றேன். அது பொய். அந்த நேரத்தில் அம்மா மலையில் நின்றுகொண்டிருந்தார். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் அந்த மலையே தெரியும். அதனால் அந்த ஜன்னல் பக்கம் நான் அதிகம் போக மாட்டேன்.

கடையில் சாரி உடுத்திவைக்க நான்கு வெள்ளைக்காரப் பொம்மைகள் இருந்தன. நான்குக்கும் தலை கிடையாது. ஹாஜியார் கழற்றி எடுத்துவிட்டார். "உருவம் வெக்கிறது எங்களுக்கு சரியில்ல மகள். தல இல்லாட்டி அது உருவமில்ல, உடுப்பு மாட்டுற கொக்கி" என்பார். கழற்றிய தலைகளை எறியவும் மனமில்லாமல் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு மேல்மாடியில் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. முதல் வாரம் ஊசிப் பெட்டி தேடிப் போய் அதைத் திறந்துவிட்டேன். நான்கு வெள்ளைக்காரிகள் நீலக் கண்ணால் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நான் போட்ட சத்தத்தில் கீழே துணி வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு முழம் கோணலாக வெட்டிவிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்தப் பொம்மைகளில் ஒன்றை உடைத்ததும் நான்தான். மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கும்போது அதன் கால் என் சாரிக் கொசுவத்தில் சிக்கி, இரண்டு பேரும் சேர்ந்தே படியில் உருண்டோம். நான் முழுசாக எழுந்தேன், அது மூன்று துண்டாகக் கிடந்தது. ஓடிவந்த ஹாஜியார் பொம்மையைப் பார்க்கவில்லை. "ஒனக்கு ஏதாச்சும் ஆச்சா மகள்?" என்றுதான் கேட்டார். நல்ல மனுசன். மற்ற மூன்றும் ஏற்கெனவே கை முறிந்தும் விரல் போயும் நின்றதால், புதிதாகவே செய்துவிடலாம் என்று செல்லமுத்து அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவர் வந்து படியேறியபோது நான் சாரி அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஹந்தானை மேல் டிவிசன்காரர் அவர். தேயிலை ஸ்டோரில் பெட்டிகளுக்கு மேல் எண்ணும் எழுத்தும் தீட்டுகிற வேலை பார்த்தவர். பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்த பிறகு அந்த வேலை இல்லாமல் போய், பஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை, கோயிலுக்கு நந்தி, கடைக்கு 'மலிவு விற்பனை' பதாகை என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். ஓவியமோ சிலையோ ஒருவரிடமும் கற்றதில்லை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் கிழிந்ததை எடுத்து, பெருவிரலால் அமுக்கி அமுக்கி முகம் செய்து பழகியவர். அப்போதும் சட்டைப் பையில் ஈயத்தாள் இருக்கும். நம்மோடு பேசிக்கொண்டே எதையாவது அமுக்கிக்கொண்டிருப்பார், பேசி முடிக்கும்போது கையில் ஒரு மாட்டுத் தலையோ ஒரு காதோ இருக்கும்.

அவரை எனக்குத் தெரிந்தது வேறொன்றால். மேல் டிவிசனுக்குப் போகிற வளைவில், தன் வீடு இருந்த லயத்து வரிசைக்கு முன்னால் இருந்த மேட்டில், அவர் ஏழு சீமெந்துப் பெண்களைச் செய்து நிறுத்தியிருந்தார். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு வரிசையாகப் போகிற ஏழு பேர், ஒவ்வொருவரும் மூன்றடி உயரம். யாரும் செய்யச் சொல்லவில்லை. மீந்த சீமெந்திலும் பழைய கம்பியிலும் பத்து வருசமாக ஒவ்வொன்றாகச் செய்தது. லீவுக்கு அம்மாவிடம் போகும்போது பஸ் அந்த வளைவில் திரும்பும், மழைப் புகார் மூட்டத்தில் அந்த ஏழு பேரும் நிஜமாகவே நடந்துபோவது போல இருக்கும். அவரைப் பார்த்ததும் என்னை அடையாளம் கண்டு ஊரைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்ததில் என்ன அதிசயம்?

"தங்கச்சிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பேராதனை வீதி அண்ணே."

என்னை ஒரு தரம் பார்த்தார். "அப்பிடிங்களா" என்று மட்டும் சொன்னார். பத்து வயதில் ஊரைவிட்டு வந்தவளை யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஹாஜியார் அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தல வாணாம் செல்லமுத்து. கழுத்தோட நிப்பாட்டுங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கண்ணு மூக்கு இல்லாம எதப் பாத்துங்க ஹாஜியாரே ஆளக் கண்டுபிடிக்கிறது?"

"ஆளக் கண்டுபுடிக்க வாணாம். சாரியக் கண்டுபுடிச்சா போதும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாமான் அறையில் வேலை தொடங்கியது. மூங்கில் சிலாகையும் கோழிக்கூட்டுக் கம்பி வலையும் வைத்து உள்கூடு கட்டினார். கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் துருசு கலந்து, பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டினார். புளித்த மாவும் டர்பன்டைனும் சேர்ந்து மணக்கும். எங்கள் சாப்பாட்டுப் பார்சலைக்கூட அங்கே வைக்க விடமாட்டோம். அளவு எடுக்க அவரிடம் டேப் கிடையாது, ஒரு நூலும் தன் சாணும்தான். கையையும் இடுப்பையும் மளமளவென்று முடித்தார். கழுத்துக்கு வந்ததும் வேலை நின்றுபோனது. ஒரு கழுத்துக்கு மூன்று நாள். ஒட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார், கிழிப்பார், திரும்ப ஒட்டுவார். தலையில் காட்ட முடியாததையெல்லாம் அந்த நான்கு விரற்கடைக்குள் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான்கு பொம்மைகளையும் கீழே கொண்டுவந்து நிறுத்தி நான்தான் சாரி உடுத்தினேன். உடுத்தும்போதே ஒரு வித்தியாசம் தெரிந்தது. வெள்ளைக்காரப் பொம்மைகளில் முந்தானை ஆணியில் மாட்டியது போலத் தொங்கும். இவற்றில் கழுத்து கொஞ்சம் முன்னால் போனதால் தோள் இறங்கி, முந்தானை முதுகோடு அணைந்து விழுந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சிங்களப் பெண்மணி உள்ளே வந்து, பொம்மைக்குக் கண்டிச் சிங்களவர் கட்டுகிற மாதிரி உடுத்திய ஒசரிச் சாரியை அப்படியே கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். ஹாஜியார் வாசலில் நின்று, "இப்பதான் சாரி ஒரு மனுசிட மேல ஈக்கி" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள்வரை.

மூன்றாம் நாள், அதே வீதியில் ஒரு மொத்த வியாபாரியின் மனைவி, நம் தமிழ் ஆட்கள்தான், மகளோடு வந்தார். பொம்மையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிடரியைப் பார்த்தார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

"என்னடி இது, கொழுந்துக்காரி கழுத்தால்ல இருக்கு! கூடைய மட்டும்தான் காணோம்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அன்றிலிருந்து வேலை செய்த பெண்களுக்கு அந்தப் பொம்மைகள் 'கொழுந்தக்கா' ஆகிவிட்டார்கள். "கொழுந்தக்காவுக்கு இன்னைக்கு என்ன சாரி?" "கொழுந்தக்கா மழைக்கு நனையுது, உள்ளுக்கு எடு." அவர்கள் கெட்ட பிள்ளைகளில்லை. என் காதில் அது எப்படி விழுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் பேராதனை வீதிக்காரியாயிற்றே. கடை திறந்ததும் அந்த நான்கு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நான்கும் என் அம்மா. அம்மா டவுனுக்கு வந்தால் கடைக்கு வர வேண்டாம், பஸ் ஸ்டாண்டிலேயே நில்லுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் மறந்து வந்துவிட்டால், அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் என்ற நினைப்பே எனக்குக் காய்ச்சலைக் கொடுத்தது.

அந்த வாரம் ஹாஜியார் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனார், திரும்ப நான்கு நாள். செல்லமுத்து அண்ணன் மேலே பிள்ளைகள் உடுப்புக்கு இரண்டு சின்னப் பொம்மைகள் செய்துகொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து என் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, ஹாஜியார் ஒன்னு சொல்லச் சொன்னாங்க. பொம்மைக கழுத்து பிழையாம். நேராக்கணுமாம்."

அவர் கையிலிருந்த பேப்பர் துண்டைக் கீழே வைத்தார். "பிழையா? எது பிழை?"

"முன்னால சாஞ்சிருக்குது. கழுத்து அப்பிடி இருக்காது. இங்க பாருங்க." எலும்புக்கூட்டுப் படம் இருந்த பக்கத்தை விரித்துக் காட்டினேன். எவ்வளவு கெட்டிக்காரி பார்த்தீர்களா?

அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "இவரு யாரு தங்கச்சி?"

"யாருமில்ல அண்ணே, எலும்புக்கூடு. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப இவரு கூட தூக்குன ஆளில்ல போல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். பிறகு தன் நூலை எடுத்து அந்தப் படத்தின் கழுத்தை அளந்தார். "எனக்கு இது தெரியாது தங்கச்சி. நான் பாத்ததெல்லாம் இப்பிடித்தான் இருந்துச்சு. பொம்பளைங்கன்னா இப்பிடித்தான் நிப்பாங்கன்னு நெனச்சுட்டேன். படிச்ச புள்ள, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் கீழே போய், நான்கு பொம்மைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, சாரியை நானே உருவிக் கொடுக்க, சின்ன வாளால் கழுத்தை அறுத்தார். பேப்பர் தூள் உதிர்ந்தது. உள்ளே எந்தப் பழைய செய்தியோ துண்டு துண்டாகத் தெரிந்தது. இரண்டே நாளில் நான்கு கழுத்தும் நேராகிவிட்டன. மூன்று நாள் வேண்டியிருந்த கழுத்து, பிழையில்லாமல் செய்தால் அரை நாளில் முடிந்துவிடுகிறது. சின்னப் பொம்மைகளையும் முடித்துக் கொடுத்துவிட்டு, ஹாஜியார் வருவதற்கு முந்தின நாள் அவர் போய்விட்டார்.

ஹாஜியார் வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செல்லமுத்து மாத்திட்டானா?"

"ஆமா... மாத்திட்டாங்க ஹாஜியார்."

"முந்தினது நல்லா ஈந்திச்சே மகள்." முந்தானையைப் பிடித்து விரலால் தேய்த்தார், விட்டார். "செஞ்சவனுக்கே திருப்தியில்லாம மாத்தீக்கான் போல. அதுல நாங்க வாய் வெக்க ஏலா." பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஹாஜியார் சொன்னதாக அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போது நம்பினேன், அண்ணன் விருப்பம் என்று ஹாஜியார் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்ததால்தான் நான் தப்பினேன். கொழுந்தக்கா என்ற பேரும் ஒரு வாரத்தில் மறைந்தது. தெருவில் நின்று பார்க்கிறவர்களும் இல்லாமல் போனார்கள்.

நான்கைந்து மாதம் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். பஸ் அந்த வளைவில் திரும்பியதும் எட்டிப் பார்த்தேன். மேட்டில் ஏழு பேரும் நின்றார்கள். ஆனால் நடக்கவில்லை. ஏழு பேரும் தலையை நிமிர்த்தி, பரேட்டில் நிற்கிற பொலிஸ்காரிகள் போல விறைப்பாக நின்றார்கள். கூடை முதுகில் இருந்தது, அதற்கு ஒரு பாரமும் இல்லை. பாசி பிடித்த பழைய உடம்பில் கழுத்து மட்டும் புதுச் சீமெந்து நிறத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா அதைச் சொல்லித்தான் சிரித்தார். "பாத்தியாடி, செல்லமுத்து என்னைய நிமித்தி வெச்சிட்டான்! செத்தாத்தான் நிமிரும்னு நெனச்சிருந்தேன்." அம்மாவுக்கு அது பெரிய பகிடி. அன்றைக்கு என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் லயத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன், சத்தியமாக. அவர் மேட்டில் நின்று ஒரு கழுத்தைச் சாக்குத் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தங்கச்சி! நீங்க வரமாட்டீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஏழையும் ஒடச்சு, உள்ளுக்குப் புதுக் கம்பி வெச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. பத்து வருசமா பிழையாவே செஞ்சு நிறுத்தி வெச்சிருக்கேன், ஒருத்தன் சொல்லல பாருங்களேன். நீங்க ஒராள்தான் சொன்னீங்க."

அவர் மூன்றாவது சிலையின் தோளில் கையை வைத்தார்.

"இது ஒங்கம்மா. ஒங்களுக்குத் தெரியும்தானே? பெரட்டுக்கு மொத ஆளா வர்றது அவங்கதான். அவங்களப் பாத்துத்தான் நான் கழுத்துச் செய்யவே பழகுனேன். கடையில செஞ்ச நாலும் அவங்க கழுத்துத்தான். பெத்த அம்மாவ இப்பிடிக் கோணலா செஞ்சு வெச்சிருக்கானேன்னு ஒங்களுக்கு மனசு நொந்திருக்கும். கடையில வெச்சு அதக் கேக்க முடியாமத்தான் ஹாஜியார் சொன்னதா சொன்னீங்கன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. தெரியாமச் செஞ்சிட்டேன் தங்கச்சி, மனசுல வெச்சுக்காதீங்க."

முதல் நாளே என்னை அடையாளம் கண்டிருக்கிறார். பேராதனை வீதி என்றபோது 'அப்பிடிங்களா' என்றாரே, அது என் பொய்யை மூடிவைக்கச் சொன்ன சொல். எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து காட்டியபோதும் என் வெட்கத்தை அவர் வெட்கமாகப் பார்க்கவில்லை, அம்மா மேல் உள்ள பாசமாகப் பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் ஏழு பேரின் கழுத்தையும் உடைத்திருக்கிறார்.

இரண்டடி பின்னால் போய், வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப சரிதானே தங்கச்சி?"

"சரி அண்ணே" என்றேன்.

வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் சொன்னது, மகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னது, ஒன்றுக்கும் நான் கவலைப்பட்டதில்லை. அந்த ஒரு 'சரி' மட்டும் தொண்டையில் நிற்கிறது.

அதற்குப் பிறகும் செல்லமுத்து அண்ணன் நிறையச் செய்தார். இரண்டு கோயிலுக்கு அம்மன் செய்தார், புசல்லாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சரஸ்வதி செய்தார். எல்லாம் நேரான கழுத்து, எல்லாம் பிழையில்லாத சிலைகள். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் போகிற இடத்திலெல்லாம் பக்கவாட்டில் நின்று பார்ப்பேன், எங்காவது ஒன்றில் கை பழைய பழக்கத்தில் தவறியிருக்காதா என்று. தவறவேயில்லை. படித்த பிள்ளை சொன்னதை அவ்வளவு நம்பியிருக்கிறார். நெஞ்சு நோயில் அவர் போய்ச் சேர்ந்து இப்போது பல வருசம்.

அம்மாவும் போய்விட்டார். பெட்டியில் படுக்க வைத்தபோதும் அந்தக் கழுத்து நிமிரவில்லை. தலை அந்தரத்தில் நின்றது. இரண்டு சேலையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தோம். சாகும்போது நிமிரும் என்று அம்மா சொன்னதும் பொய்யாகத்தான் போயிற்று.

கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் விற்கிறார்கள். பொம்மைகள் எங்கே போயின என்று ஹாஜியாரின் பிள்ளைகளுக்கும் தெரியாது. பேப்பர்தானே, ஏதோ ஒரு மழைக்குக் கரைந்திருக்கும். வளைவை அகலமாக்கியபோது மேட்டை வெட்டினார்கள். ஏழு பேரையும் எந்தப் பள்ளத்தில் போட்டு மண் நிரப்பினார்களோ, நான் கேட்டுப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். லயம் இருந்த இடத்தில் புது வீடுகள் வந்துவிட்டன, அது நல்லதுதான். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஆறு வாரமும் துவாய்ப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். வலி பொல்லாதது, கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது. மடித்த துவாய் தலையை அழுத்தும்போதெல்லாம் அம்மாவின் கூடைக் கயிறு ஞாபகம் வரும். அவர் தலை முன்னால் இழுத்தது, நான் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை திரும்பவும் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். அந்தப் பிள்ளை என்னை அதே இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். முகமெல்லாம் சந்தோசத்தோடு ஃபோனை நீட்டினாள்.

"பாருங்கோ அன்ரி, எப்பிடி நிமிர்ந்திட்டுது! இப்ப சரிதானே?"

பார்த்தேன். நேரான கழுத்தோடு ஒரு வயசான பெண். யாரோ. அம்மாவைத் தேடினேன், ஒரு மூலையிலும் இல்லை.

"மொதல்ல எடுத்த படம் இருக்கா மகள்? அத எனக்கு அனுப்பி விடுறியா?"

"ஐயோ, அதை அழிச்சுப் போட்டன் அன்ரி. ஃபோன் நிரம்பிப் போச்சு. அது என்னத்துக்கு உங்களுக்கு? அது பிழையான கழுத்தெல்லோ?"

"பிழையில்ல" என்றேன். வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். "அது பிழையில்லம்மா. அது பிழையே இல்ல."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஃபோனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி அன்ரி" என்றாள்.